அறுபது எழுத்துக்குள்

தீனதயாளனின் உடம்பில் சொன்ன பேச்சைக் கேட்பது வலது கைக் கட்டைவிரல் ஒன்றுதான். கண் தெரியும், காது கேட்கும், புத்தி முன்னைவிடக் கூர்மை. கழுத்துக்குக் கீழே அந்த ஒரு விரல். அதை வைத்துக்கொண்டு அவர் தினமும் ஐம்பது அறுபது பேரோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

வயது நாற்பத்தேழு. திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர். அந்தப் பக்கத்தில் போர்வெல் வண்டியில் ஏறாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாலசுந்தரம் என்பவரின் ரிக் வண்டியில் இவர் பத்தொன்பது வருஷம் ஆபரேட்டர். லீவரைப் பிடித்து நின்றால் எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர் என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார். மூன்று வருஷத்துக்கு முன் சித்ரதுர்கா பக்கத்தில் ஒரு காட்டில் போர் ஓட்டியபோது, ராடைத் தூக்கும் இரும்பு ரோப் அறுந்தது. இருபதடி ராடு கீழே வந்தது. கூட நின்ற சடையன் அங்கேயே செத்தான். தீனதயாளனுக்கு முதுகுத்தண்டு போயிற்று. மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் துளை போட்டார்கள். உயிர் நின்றது, குரல் போனது. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும்.

இப்போது தம்பி வீட்டு முன்னறையில் கட்டில். எதிர்ச் சுவரில் டிவி. தம்பி கலையரசனும் அதே பாலசுந்தரத்திடம்தான் இருக்கிறான். கம்ப்ரஸர் லாரி ஓட்டுகிறான். வருஷத்தில் ஒன்பது மாதம் சத்தீஸ்கரில். ஆகவே தீனதயாளனைத் திருப்பிப் படுக்க வைப்பதும், துடைப்பதும், தொண்டைக் குழாயைக் கழுவுவதும், ஊட்டுவதும் தம்பி சம்சாரம் மோகனப்பிரியாவின் வேலை. அவர் உதட்டசைவைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான்.

போன் அவருக்கு ஒத்துவரவில்லை. தூக்கிப் பிடிக்கக் கை கிடையாது. மார்மேல் நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷம் இரும்பைப் பிடித்துக் காய்த்துப்போன விரல் நுனியைக் கண்ணாடி ஒரு விரலாகவே மதிக்கவில்லை. அப்போதுதான் கேபிள்காரர் புதுசாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார்.

"படம் வருமுங்க, பாட்டு வருமுங்க, உள்ளயே அரட்டையும் இருக்குதுங்க. ரிமோட்ல தட்டோணும், அவ்வளவுதான்" என்றார். ரப்பர் பொத்தானை அந்தக் கட்டைவிரல் நன்றாகவே அழுத்தியது.

பெட்டி மலிவானது, அதன் குணமும் அப்படி. தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்துகள் திரையின் கீழ்ப்பாதியில் வரிசையாக நிற்கும். அம்புக்குறிப் பொத்தானால் நடந்து நடந்து போய் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒரு செய்திக்கு அறுபது எழுத்துதான். பத்து நிமிஷம் பொத்தான் எதுவும் அழுத்தாவிட்டால் பெட்டி தூங்கிப்போகும், எழுதியதும் அழிந்துபோகும். யாராவது தமிழில் எழுதினாலோ பொம்மைப் படம் போட்டாலோ, டிவியில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். போனோ டிவியோ, அரட்டைக்குள் நுழைந்த நேரத்திலிருந்து வருவதை மட்டும்தான் பார்க்கலாம். அதற்கு முன் யார் என்ன பேசியிருந்தாலும் கிடையாது.

இன்னொன்று. அவர் பாதி எழுதிக்கொண்டிருப்பது டிவித் திரையில் உள்ளங்கை அகல எழுத்தில் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கூட அங்கிருந்தே படித்துவிடலாம்.

'நாமக்கல் சந்தை' என்று ஓர் அரட்டை அறை. அங்கே எல்லாரும் போனில் தட்டுகிறவர்கள். இவர் ஒரு வரி முடிப்பதற்குள் அவர்கள் இருபது பேசியிருப்பார்கள். இவர் பதில் போய்ச் சேரும்போது கேள்வி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். எடப்பாடி அனிதா தன் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்ததைச் சொன்னாள். இவர் 'ரொம்ப சந்தோசமுங்க, வாழ்த்துக்கள்' என்று எழுதி அனுப்பினார். அதற்குள் வேறொருவர் தன் மாமனார் காலையில் தவறிவிட்டதாகச் சொல்லியிருந்தார். வாழ்த்து அதற்கு நேர்கீழே போய் விழுந்தது.

அன்றைக்கு அறையே உருண்டு சிரித்தது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் ஆண்டி, "அண்ணன் நேத்துப் பேப்பருங்க. இன்னிக்குத்தான் வந்து சேந்திருக்குது" என்று எழுதினான். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இவர் உள்ளே வந்தால், "வாங்க நேத்துப் பேப்பரு" என்றுதான் வரவேற்பு.

இவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். முன்கூட்டியே எழுதுவது. ஆண்டி பதினொரு மணிக்கு டீ குடிக்க வந்து, "சாப்டாச்சுங்களா" என்று கேட்பான். இவர் பத்தே முக்காலுக்கே 'ஆச்சுங்க, நீங்க?' என்று எழுதி வைத்து, அனுப்பும் பொத்தான்மேல் அம்பை நிறுத்திக் காத்திருப்பார். பெட்டி தூங்கிவிடாதபடி எட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அம்பை ஒரு தட்டு நகர்த்தித் திரும்பக் கொண்டுவருவார். கேள்வி விழுந்த மறுநொடி பதில் விழும். ஆண்டி அசந்துபோவான். தண்ணீர் வருமுன்னே சத்தத்தில் கண்டுபிடித்த ஆளுக்கு, கேள்வி வருமுன்னே பதில் வைப்பது பெரிய காரியமாக இல்லை. அந்தத் திறமையில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, அறைக்குள் புதுசாக ஓர் ஆள் வந்து கட்டம் கட்டமாக நாலு வரி போட்டது. அனிதா அதைப் படித்துவிட்டு, "தீனண்ணனுக்கா எழுதறீங்க? அவரு டிவிக்குத் தமிழ் வராதுங்க. இங்கிலீஷ் எழுத்துல தட்டுங்க" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தது: "அண்ணா, நான் சின்னாயி. சடையன் சம்சாரம். நீங்க இங்க இருப்பீங்கன்னு சொன்னாங்க."

தீனதயாளனின் விரல் ரிமோட்டில் அப்படியே நின்றது.

சின்னாயி நாமக்கல்லில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தின் சமையல்கட்டில் வேலை செய்கிறாள். மதியச் சாப்பாடு முடிந்து சாயங்கால டீக்கு அடுப்பு மூட்டும்வரை அரைமணி நேரம் ஓய்வு. இந்த மூன்று வருஷத்தில் இரண்டு முறை அவள் இந்த வீட்டு வாசல்வரை வந்தது தீனதயாளனுக்குத் தெரியும். "தூங்குறாருங்க" என்று மோகனப்பிரியா சொல்லித் திருப்பி அனுப்பியதும் கட்டிலில் விழித்தபடி அவர் காதில் விழுந்ததுதான்.

சின்னாயி தட்டினாள். அவளும் வேகமில்லை.

"கேஸ முடிச்சுக்கறதுக்கு ஓனர் ஆளுங்க காகிதம் கொண்டாந்திருக்காங்க. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடோணுமாம்."

"கூட வேலை செஞ்சவரு கவனமில்லாம லீவர இழுத்ததுல செத்தாருன்னு எழுதியிருக்குது."

"உங்களத்தான் சொல்றாங்க. நான் நம்பலீங்ணா. நீங்க சொல்லுங்க, அவரு எப்படிச் செத்தாரு?"

தீனதயாளன் எழுத ஆரம்பித்தார். நான்கு எழுத்து எழுதி முடிப்பதற்குள் நடுவில் ஆண்டி எதையோ கேட்டான், அனிதா எதையோ சொன்னாள், யாரோ முட்டை விலையைப் போட்டார்கள். 'ரோப்' என்ற சொல் முடிந்து அடுத்த சொல்லில் விரல் நடந்துகொண்டிருக்கையில் சின்னாயி எழுதினாள்: "பெல் அடிச்சுட்டாங்க. வியாழக்கிழமை மூணு மணிக்கு வாரேன். நீங்க சொன்னா அந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போடறேன்." போய்விட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். அந்த வண்டியின் ரோப் இழை இழையாகப் பிரிந்திருந்தது. தீனதயாளன் முதல் நாளே பாலசுந்தரத்துக்குப் போன் பண்ணினார். "இந்தப் பாயிண்ட முடிச்சுட்டு மாத்திக்கலாம் தீனா" என்றார் அவர். துளை போட்டுக்கொண்டிருந்த அந்தப் பாயிண்ட் முடியவே இல்லை. இதைத் தம்பியிடம் உதட்டசைவில் ஒருமுறை சொன்னார், மோகனப்பிரியா படித்துச் சொன்னாள். "நடந்தது நடந்துபோச்சு. உடுண்ணா" என்றான் கலையரசன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இரண்டு நாள் அவர் வேறு எதையும் நினைக்கவில்லை. அறுபது எழுத்துக்குள் அடக்க வேண்டும். இரண்டு செய்தியாகப் போட்டால் நடுவில் சந்தைக் கூட்டம் புகுந்துவிடும். ஒரே வரியில் முடிய வேண்டும். கடைசியில் கிடைத்தது: 'ரோப் தேஞ்சது. மாத்தச் சொன்னேன். ஓனர் மாத்தல.' ஆங்கில எழுத்தில் கணக்குப் பார்த்தார். இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து. பதினைந்து மிச்சம். அதில் 'சத்தியம்' என்று சேர்க்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டார். சின்னாயிக்கு அது தேவைப்படாது.

வியாழக்கிழமை இரண்டரைக்கு எழுத ஆரம்பித்து, இரண்டு நாற்பத்தைந்துக்கு முடித்துவிட்டார். இப்போதே அனுப்பினால் பிரயோஜனமில்லை. அவள் வருமுன் விழுந்த செய்தி அவள் கண்ணில் படாது. அவர் அனுப்பும் பொத்தான்மேல் அம்பை நிறுத்திக் காத்திருந்தார். அந்த நேரத்தில் மோகனப்பிரியா பின்கட்டில் துணி துவைப்பாள். மூன்றரைக்கு முன் உள்ளே வந்த வழக்கமில்லை.

அன்றைக்கு மேகம் கறுத்தது. கொடியில் காய்ந்த துணியை வாரிக்கொண்டு அவள் இரண்டு ஐம்பதுக்கு முன்னறைக்குள் வந்தாள். துணியைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டாள். நிமிர்ந்தாள்.

சுவரில் உள்ளங்கை அகல எழுத்தில் நாற்பத்தைந்தும் நின்றுகொண்டிருந்தன.

தீனதயாளனுக்கு உடனே அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அனுப்பி என்ன, சின்னாயி இன்னும் வரவில்லை. அந்த ஒரு நொடி யோசனையில் விரல் நின்றது. மோகனப்பிரியா குனிந்து அவர் கையிலிருந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை. பாயை உதறும்போது அடியில் கிடக்கும் சீப்பை எடுப்பதுபோலத்தான் எடுத்தாள்.

"இது யாருக்குங்க மாமா?"

அவர் உதடு அசைந்தது.

"சின்னாயிக்கா. நெனச்சேன்." அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "உங்க தம்பி யாரு வண்டி ஓட்டறாருன்னு ஞாபகமிருக்குதுங்களா?"

அவர் உதடு வேகமாக அசைந்தது.

"சத்தியமா இருந்தா என்னங்க மாமா. சத்தியம் யாருக்குச் சோறு போடுது? இது தெரிஞ்சா நாளைக்கே அவர வண்டிய உட்டு எறக்கிருவாங்க. அப்பறம் இந்தப் பக்கத்துல எந்த ஓனரு அவர ஏத்துவாரு? நானும் புள்ளையும் எங்க போறது?"

அவள் குரல் உயரவே இல்லை. பேசிக்கொண்டே எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். நாற்பத்தைந்து தட்டு.

"மூணு வருசமா உங்களுக்குப் பீ மூத்திரம் வாரறது யாருங்க? சின்னாயியா? ஒருநாள் மூஞ்சி சுளிச்சிருப்பனா சொல்லுங்க."

அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அது உண்மைதான்.

"உங்க பேரு கெட்டா உங்களுக்கு என்னங்க நட்டம்? நீங்க எந்த ரிக்கு ஏறப் போறீங்க, எந்தச் சந்தைக்குப் போகப் போறீங்க? இருக்கறவங்க பேரு கெடக் கூடாதுங்க மாமா."

இருக்கறவங்க என்று சொன்னதில் அவர் சேர்த்தியில்லை என்பதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. திரை காலியானது. அவள் எழுத ஆரம்பித்தாள்.

அவளுக்கு அந்த அம்புப் பொத்தான் பழக்கமில்லை. ஒரு எழுத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள். அவரைவிட மெதுவாக இருந்தாள். ஒவ்வொரு எழுத்தாக வருவதை அவர் பார்த்துக்கொண்டே கிடந்தார். என்ன எழுதப் போகிறாள் என்பது இரண்டாவது எழுத்திலேயே தெரிந்துவிட்டது.

மூன்று மணி. சின்னாயி வந்தாள். "அண்ணா, வந்துட்டேன். சொல்லுங்க."

மோகனப்பிரியா எழுதிக்கொண்டிருந்தாள். சந்தையில் யாரோ ஏதோ சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். அனிதா குறுக்கே வந்தாள்: "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. தீனண்ணன் எழுதறாரு. அந்தக்காவுக்கு முக்கியமான விசயம்."

"ஆமாங்க, யாரும் பேசாதீங்க" என்றான் ஆண்டி. "பேப்பரு வரட்டும், பொறுங்க."

அறை அமைதியானது. அவர் அந்த அறைக்கு வந்து இரண்டு வருஷமாயிற்று. ஐம்பது பேரும் வாயை மூடிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

"ஏனுங்க மாமா," மோகனப்பிரியா எழுதியதை முதலிலிருந்து சரிபார்த்தபடி கேட்டாள், "ராடத் தூக்கறதுக்கு இழுப்பீங்களே, அதுக்குப் பேரு லீவர்தானுங்களே?"

அவர் வாயைத் திறந்தார். தொண்டைத் துளை வழியாகக் காற்று விசில் அடித்தது.

"லீவர்தான்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். "உங்க தம்பி அப்படித்தான் சொல்லுவாரு."

மூன்று பதினொன்றுக்கு அனுப்பினாள். தீனதயாளன் என்ற பெயருக்குக் கீழே அது போய் நின்றது: 'லீவர் நாந்தான் தப்பா இழுத்தேன். மன்னிச்சுக்க.'

சின்னாயி எழுதினாள்.

"அவரு உங்கள அண்ணன்னுதான் சொல்லுவாரு."

இன்னொன்று. "வண்டிக்குக் கெளம்பறப்பெல்லாம் உங்களுக்கும் சேத்துத்தான் முறுக்குச் சுட்டுக் குடுத்து உட்டேன்."

கடைசியாக, "சரிங்ணா. கையெழுத்துப் போட்டுடறேன்."

போய்விட்டாள். அப்புறம் சந்தை திறந்துகொண்டது. "ஒத்துக்கறதுக்கும் ஒரு தில்லு வேணுமுங்க" என்றான் ஆண்டி. "பெரிய மனசுங்கண்ணா" என்றாள் அனிதா. ஆளாளுக்குக் கைதட்டும் படம் போட்டார்கள் போலிருக்கிறது. டிவியில் கட்டம் கட்டமாக நிரம்பியது.

மோகனப்பிரியா ரிமோட்டை டிவிக்கு மேலே பலகையில் வைத்தாள். துணியை மடித்தாள். ராத்திரி அவருக்குப் பிடித்த பச்சைப்பயிறு கடைந்து, நெய் விட்டுப் பிசைந்து ஊட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். பசிக்கத்தானே செய்யும். ஒன்பது மணிக்குத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்க ரிமோட் பலகைமேலேயே இருந்தது. சனிக்கிழமை காலையில் கலையரசனிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வந்து, ரிமோட்டை எடுத்து அவர் விரலடியில் வைத்தாள். "சின்னாயி கையெழுத்துப் போட்டுட்டாளாமுங்க. இனி நீங்க என்ன வேணா எழுதிக்குங்க."

எழுதினார். முழு மத்தியானமும் எழுதினார். ரோப் தேய்ந்தது, போன் பண்ணியது, பாயிண்ட் முடியட்டும் என்றது, வியாழக்கிழமை எழுதியது தான் இல்லை என்பது. ஐந்து செய்தி. ஒவ்வொன்றும் மற்றவர்கள் பேச்சுக்கு நடுவில் தனித்தனியாக எங்கெங்கோ போய் விழுந்தது.

"அண்ணே, அன்னிக்கு ஒரு பேப்பரு, இன்னிக்கு ஒரு பேப்பருங்களா?" என்றான் ஆண்டி.

"பெரிய மனுசன்னு நெனச்சமே" என்று இன்னொருவர்.

அனிதா எழுதினாள்: "பாவமுங்க அந்தக்கா. ஒருவழியா மனசு ஆறிப் போயிருக்குது. திரும்பக் கெளறாதீங்கண்ணா. உங்க வீட்டு டிவியில வேற யாரு வந்து எழுதப் போறாங்க?"

இதற்குப் பதில் எழுத அவருக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். எழுதவில்லை. எழுதினாலும் படிக்க வேண்டியவள் அங்கே இல்லை. அவள் அந்த அறைக்கு வந்தது இவரைத் தேடித்தான். அந்த வேலை முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. இந்த முறை மோகனப்பிரியா தூங்குகிறார் என்று சொல்லவில்லை. "வாங்க சின்னாயி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும்" என்றாள்.

சின்னாயி கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவர் இப்படி இருப்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பார்வையைப் போர்வைமேல் வைத்துக்கொண்டாள்.

"மோளிப்பள்ளி வரைக்கும் ஒரு சோலியா வந்தனுங்ணா. நாலே முக்காலுக்கு பஸ்ஸு. சரி, பாத்துட்டுப் போலாமுனு." வாழைப்பழத்தைக் கை மாற்றிக்கொண்டாள். "முந்தியெல்லாம் உங்க மேல கோவமில்லீங்ணா. அன்னிக்குத்தான் வந்துச்சு. நாலு நாள் சமையல்கட்டுல யாருகூடவும் பேசலை. இப்ப அதும் போயிருச்சு. நீங்களும் படறீங்கல்ல."

தீனதயாளன் உதட்டை அசைத்தார். ரோப். ரோப். ரோப். அவருக்குத் தெரிந்த மட்டும் நிதானமாக, பெரிதாக அசைத்தார்.

சின்னாயி மோகனப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க சொல்றாரு?"

"மன்னிச்சுக்கச் சொல்றாருங்க."

"அட, உடுங்ணா. அதைத்தான் எழுதிட்டீங்களே." சின்னாயியின் கண் கலங்கியது.

அவர் விரலடியில் ரிமோட் இருந்தது. அழுத்தினார். சுவரில் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. அம்பு நடந்தது. முதல் எழுத்து விழுந்தது. சின்னாயி நிமிர்ந்து பார்த்தாள். அம்பு மறுபடி நடந்தது. இரண்டாவது எழுத்து.

"என்னமோ எழுதறாருங்க" என்றாள் சின்னாயி.

"எப்பவும் அப்படித்தானுங்க. எதையாச்சும் நோண்டிக்கிட்டே இருப்பாரு. பொழுது போகோணுமில்ல." மோகனப்பிரியா பலகைமேல் இருந்த இன்னொரு ரிமோட்டை எடுத்தாள். அது டிவிக்கு உள்ளது. பெட்டியை விட்டுவிட்டுச் சாதாரணக் கேபிளுக்கு மாற்றினாள். எழுத்துகள் மறைந்து ஒரு சீரியல் வந்தது. "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்குது. உக்காருங்க சின்னாயி, டீ வெக்கறேன்."

அவள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

தீனதயாளனின் விரல் நிற்கவில்லை. பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எந்த எழுத்து எங்கே நிற்கிறது என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும். வலதுபக்கம் நாலு, கீழே ஒன்று, அழுத்து. நாற்பத்தைந்தையும் எழுதி முடித்து அனுப்பினார். அது நாமக்கல் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

சின்னாயி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.